கவர்வழியில் ஒரு புல்முடிச்சு: தேயிலை மலை இளையோரும் ஒலிவழி அரங்கும்

முன்னுரை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள சிற்றூர் பிரிஞ்சாங். அவ்வூரைக் கடந்து, 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலைமுடியை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய சாலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் உள்ளது. விடுமுறை நாட்களில் அங்கு வருவோர் தொகை மிகுதி. தோட்டத்தின் மேல் நீண்டு நிற்கும் பார்வை மாடத்தில் நின்று, படம் எடுத்துக்கொண்டு, தேநீர் அருந்தித் திரும்புகின்றனர். கண்ணுக்கு அம்மலை தன்னை எளிதில் தந்துவிடுகின்றது. அங்கே கொழுந்து கிள்ளியவர் யார், அவர்தம் பிள்ளைகள் இன்று எங்கே, அச்சரிவுகளை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பனவற்றை மட்டும் கண்ணால் அறிய இயலாது. அவற்றைக் கேட்டே அறிய வேண்டும்.

நிலத்திற்கும் இளையோர்க்கும் உள்ள உறவை, திறந்த வெளியில் நடந்தும் கேட்டும் ஆராய்கின்ற பங்கேற்பு அரங்கு ஒன்று அண்மைப் பதிற்றாண்டுகளில் உலகின் பல பகுதிகளில் வளர்ந்துள்ளது. அதனை இக்கட்டுரையில் ஒலிவழி அரங்கு எனக் குறிப்பிடுகின்றோம். அவ்வரங்கின் இயல்பை விளக்குவதும், தமிழ் மரபில் அதற்குரிய வேர்களைக் காட்டுவதும், பிரிஞ்சாங் போன்ற தேயிலை மலையில் அதனைத் தமிழாசிரியர்கள் எவ்வாறு கையாளலாம் எனக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். தமக்கு உரிமையாகாத நிலத்தில் மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அந்நிலத்தோடு உள்ள உறவு யாது என்னும் வினாவே இம்முயற்சியின் அடிப்படையாகும்.

ஒலிவழி அரங்கின் இயல்பு

நாடகக் கொட்டகைக்கு வெளியே, ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில், பதிவு செய்யப்பட்ட குரல்களையோ நேரில் எழும் குரல்களையோ கேட்டவாறு பங்கேற்போர் நடந்தும் நின்றும் சில செயல்களைச் செய்தும் நிகழ்த்துவது ஒலிவழி அரங்கு. வானொலி நாடகம் நம் நாட்டுத் தமிழர்க்குப் புதிதன்று. எனினும், வானொலி நாடகத்தைக் கேட்போர் எங்கிருந்தும் கேட்கலாம். ஒலிவழி அரங்கின் குரல் ஓரிடத்திற்கு மட்டுமே உரியது. 'இப்பாறையின் மீது கை வையுங்கள்' என்று அக்குரல் சொல்லும்போது அப்பாறை அங்கே இருத்தல் வேண்டும். வீதி நாடகத்தில் நடிகர் ஆட, மக்கள் சூழ்ந்து நின்று காண்பர். இங்கு நடப்பவரே நடிப்பவராகவும் காண்பவராகவும் அமைகின்றார்.

இவ்வடிவத்தின் வரலாற்றில் மூன்று நிலைகளைச் சுருக்கமாக நோக்கலாம். கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர், ஓரிடத்தில் எழும் ஒலிகள் அனைத்தையும் சேர்த்து அவ்விடத்தின் 'ஒலிச்சூழல்' எனக் கருதி ஆராய்ந்தார். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் பயனாக 1977ஆம் ஆண்டில் அவரது முதன்மையான நூல் வெளிவந்தது. 1981ஆம் ஆண்டில் அவர் தமது இசை நாடகம் ஒன்றை ஓர் ஏரிக்கரையில், விடியற்பொழுதில் நிகழ்த்தினார். பாடகர்களின் குரலோடு ஏரியின் எதிரொலியும் விடியற்காலப் பறவைகளின் ஒலியும் நாடகத்தின் பகுதிகளாயின.

அடுத்து, அதே நாட்டைச் சேர்ந்த ஜேனட் கார்டிஃப் 1991ஆம் ஆண்டில் பான்ஃப் என்னும் மலை நகரில் ஒரு காட்டுவழி நடையை உருவாக்கினார். 1999ஆம் ஆண்டில் லண்டன் ஒயிட்சேப்பல் நூலகத்தில் தொடங்கித் தெருக்களினூடே செல்லும் நடையொன்றையும் அமைத்தார். இரு காதுகளின் இடத்திலும் ஒலிவாங்கிகளை வைத்து, நடந்துகொண்டே பதிவு செய்வது அவர் கையாண்ட முறை. அவ்வாறு பதிந்ததை ஹெட்ஃபோனில் கேட்போர்க்கு, பின்னால் யாரோ வருவது போன்ற காலடியோசை உண்மையிலேயே முதுகுப்புறம் கேட்கும். பதிவிலுள்ள ஒலி எது, இப்பொழுது எழுந்த ஒலி எது எனப் பிரித்தறிய இயலாத நிலையில் கடந்த காலமும் நிகழ்காலமும் ஓரிடத்தில் சேர்கின்றன.

மூன்றாவதாக, ரிமினி புரோட்டோகோல் என்னும் ஜெர்மானியக் குழு 2005ஆம் ஆண்டில் நிகழ்த்திய 'கால் கட்டா' என்னும் படைப்பைக் குறிப்பிடலாம். பெர்லின் நகரத் தெருக்களில் ஒருவர் கைப்பேசியுடன் நடப்பார். எத்திசையில் திரும்ப வேண்டும், எதனைப் பார்க்க வேண்டும் என அவருக்கு வழி சொல்பவர், கொல்கத்தாவில் அழைப்பு மையம் ஒன்றில் அமர்ந்திருக்கும் ஊழியர். தொலைவில் உழைப்பவரின் குரல், அருகில் நடப்பவரின் கால்களை இயக்குகின்றது. ஒரு நிலத்தைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாவையும் அப்படைப்பு எழுப்பியது.

மலைபடுகடாம் காட்டும் வழி

மேற்கூறியவற்றைக் கொண்டு, இவ்வடிவம் நமக்கு முற்றிலும் அயலானது என முடிவு செய்தல் பொருந்தாது. தொல்காப்பியம் அகத்திணைக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என மூவகைப்படுத்துகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, பறவை, மரம், தொழில் முதலிய கருப்பொருள்களின் வரிசையில் பறைக்கும் யாழுக்கும் இடமுண்டு. ஒரு நிலத்தின் மரமும் பறவையும் எவ்வாறு அந்நிலத்திற்கு உரியனவோ, அவ்வாறே அந்நிலத்தின் ஒலியும் அதற்கு உரியது என்பது இவ்வகைப்பாட்டின் உட்கிடை. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை உரியதென உரைமரபு கூறும். தினைப்புனம் காத்த இளமகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலி எழுப்பிக் கிளிகளை ஓட்டிய செய்தியைக் குறிஞ்சிப்பாட்டில் காண்கின்றோம். மலைச்சரிவில் இளையோர் செய்த தொழிலே ஒலியாக வெளிப்பட்டதற்கு இது சான்றாகும்.

இவ்வகையில் மிக நெருங்கிய முன்மாதிரி, பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் ஒன்றான இப்பாட்டு 583 அடிகளால் ஆயது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் பெற்றது. நன்னனிடம் சென்று பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி கூறுகின்றான். எவ்விடத்தில் வழுக்கும், எவ்விடத்தில் கவண்கல் பாயும், எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும் என நடப்பவரின் கால்நிலையில் நின்றே பேசுகின்றான். இடையே, மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்கின்றான். அருவியாடும் மகளிரின் ஆரவாரம், புலியால் காயமுற்ற கணவரின் புண் ஆறும்பொருட்டுக் கொடிச்சியர் பாடும் பாட்டு, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு என அவ்வரிசை நீள்கின்றது. மலையை யானையாகவும் அதில் பிறக்கும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டு பாட்டுக்குப் பெயரும் அமைந்துள்ளது.

ஆற்றுப்படையின் அமைப்பை நோக்கினால், ஒலிவழி அரங்கின் இன்றியமையாக் கூறுகள் அதில் உள்ளமை புலனாகும். வழியை நடந்து அறிந்த ஒருவரின் குரல், முன்னிலையில் விளிக்கப்படும் நடப்பவர், பெயர் சுட்டப்படும் இடங்கள், அங்கங்கே செய்ய வேண்டிய செயல்கள் ஆகிய நான்கும் அதில் உண்டு. அப்பாட்டில் வரும் ஓர் அறிவுரை நம் ஆய்வுப் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. புதிய நிலத்திற்கு வந்தோர், வழி பிரியும் இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்ல வேண்டும் என்கின்றது அது. பின்னால் வருவோர் வழி தவறாமல் இருத்தற்பொருட்டே அச்செயல். தேயிலை மலைக்குப் புலம்பெயர்ந்து வந்த நம் முன்னோர் இட்டுச் சென்ற முடிச்சுகள் எவை, அவற்றை இன்றைய இளையோர் அடையாளம் காண இயலுமா என்று வினவுவதற்கு இவ்வறிவுரை நமக்கு ஒரு சொல்லைத் தந்துள்ளது.

தப்பும் பெரட்டும்

தேயிலை மலையும் நிலவகையால் குறிஞ்சியே. ஆயினும், அங்குள்ள பயிர் இட்டு வளர்த்த பயிர்; தொழில் ஏவப்பட்ட தொழில். அந்நிலத்தின் பறையும் அதற்கேற்ப மாறியது. இலங்கை மலையகத் தோட்டங்களில் விடியுமுன் தப்பு முழங்கும். தொழிலாளரை எழுப்பி வேலைக்கணக்கு எடுக்கும் இடத்திற்கு வரச்செய்யும் அம்முழக்கத்தைப் பிரட்டுத் தப்பு என்பர். நம் நாட்டுத் தோட்டங்களில் அவ்வைகறைக் கூட்டத்தைப் பெரட்டு என வழங்கினர். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இரு நாடுகளிலும் இவ்வாறு திரிந்து வழங்கியது. இருள் பிரியாத வேளையில் கங்காணியின் குரலும் பெயர் கூப்பிடும் ஓசையுமே பல தலைமுறைப் பிள்ளைகளின் காதில் விழுந்த முதல் ஒலிகளாயின.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அதே தப்புத்தான் கோயில் திருவிழாவிலும் இறப்பு வீட்டிலும் முழங்கியது. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி என முழக்கம் வேறுபட்டது. தொலைவிலுள்ள லயத்தில் இருப்பவர் கேட்ட அளவிலேயே செய்தியை அறிந்துகொள்வர். ஆதலின் தோட்டத்து மக்களுக்குச் செவி, ஓர் எழுத்தறிவைப் போலவே பயின்றது எனலாம். ஏவலுக்குப் பயன்பட்ட கருவியை மக்கள் தம் வழிபாட்டுக்கும் துயருக்கும் கலைக்கும் உரியதாக்கிக்கொண்டனர். இம்மீட்பின் உச்சநிலையைக் காமன் கூத்தில் காணலாம்.

தோட்டமே அரங்காகும் கூத்து

மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து ஆகிய மூன்றும் சிறப்பாக நிகழ்த்தப்படுவன. அவற்றுள் காமன் கூத்து, பங்கேற்பு அரங்கின் இயல்பை முழுமையாக உடையது. மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் முழுநிலவு வரை இரவுதோறும் பாடலும் ஆடலும் நிகழும். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லுமாறு மன்மதனுக்கு ஓலை வரும். ரதி தீக்கனாக் கண்டு தடுத்தும் அவன் செல்வான், நெற்றிக்கண்ணால் எரிவான். ரதியின் புலம்பலுக்குப் பின், அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அவன் உயிர் பெறுவான்.

இக்கூத்தில் மேடை என ஒன்றில்லை. கம்பம் நட்ட களத்தில் தொடங்கி, வேடம் புனைந்தோர் லயம் லயமாகச் செல்வர். வாசல்தோறும் மக்கள் அவர்களை வரவேற்பர். ரதியாகவும் மன்மதனாகவும் வேடமிடுவோர் நேர்த்திக்கடனாக விரதமிருந்து ஆடுவது உண்டு. எனவே கூத்து முடியும்வரை ஊரார் அனைவரும் கதைக்குள் இருப்பவர்களே. திருமணத்தில் உறவினராகவும் தகனத்தில் துக்கம் கொள்வோராகவும் அவர்கள் நிற்கின்றனர். தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் விழாவின் இறுதியில், மண்ணால் செய்த துரியோதனன் உருவைச் சூழ்ந்து நிகழும் படுகளமும் இத்தன்மையதே.

பகலில் எண்ணிட்டு அளந்த மலைகளையும் வரிசையிட்ட வீடுகளையும் இரவில் தேவலோகமாகவும் தவவனமாகவும் மாற்றியது இக்கூத்து. பகலெல்லாம் பிறர் ஏவலின்படி நடந்த அதே பாதையில், இரவில் தம் கதையின்படி நடந்தனர். நிலம் சட்டப்படி அவர்களுடையதாகவில்லை. ஆனால் அந்த இரவுகளில் அதற்குப் பொருள் தந்தவர்கள் அவர்கள். கதையைப் பெரியோர் சொல்ல இளையோர் ஆடியமையால், இடத்தைப் பற்றிய அறிவும் கைமாறியது.

இம்மரபை நவீன அரங்கினரும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் 1985ஆம் ஆண்டில் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்', தலைப்பிலேயே மண்ணையும் உடலையும் இணைத்தது. மலையகத்தில் அந்தனி ஜீவா வீதி நாடகத்தைத் தொழிலாளரிடையே கொண்டு சென்றார்.

அண்மைக்காலத்தில் நடையே ஓர் அரங்காக விளங்கியதற்கு 2023ஆம் ஆண்டின் நிகழ்வு சான்று. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, சூலை 28 முதல் ஆகசுட்டு 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 250 கிலோமீட்டரளவு நடைப்பயணம் ஒன்று நடைபெற்றது. முன்னோர் கரையிறங்கிக் காட்டுவழியே மலை நோக்கி நடந்த வழியை நினைவூட்டிய அப்பயணம், நிலவுரிமையையும் வீட்டுரிமையையும் மதிப்புமிக்க வாழ்வையும் கோரியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளைகள், பாட்டன் நடந்த மண்ணில் தம் கால்களை வைத்தே அக்கோரிக்கையைக் கூறினர்.

பிரிஞ்சாங்: நிலமும் இளையோரும்

இனி நம் நாட்டுத் தேயிலை மலையை நோக்குவோம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்தமையால் இம்மலைக்கு அவர் பெயர் அமைந்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' நிறுவனத்தைத் தொடங்கித் தேயிலை பயிரிட்டார். 1933ஆம் ஆண்டில் 'பாரத்' தேயிலை நிறுவனம் தோன்றியது. தொழிலாளர் வெளிநாடு செல்வதற்கு இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடை விதித்தது. தேயிலை இம்மலையில் வேரூன்றியதற்கும் ஆள் வரவு நின்றதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளே இருந்தன. எனவே இங்குள்ள தமிழ்ச் சமூகம், இலங்கை மலையகத்தைப் போல இரு நூற்றாண்டு வரலாறு கொண்டதன்று. தொடக்கத் தலைமுறையின் நினைவுகளை நேரில் கேட்டு வளர்ந்தோர் இன்னும் வாழும் அளவுக்கு இளைய வரலாறு. ஆயினும், அவர்களும் முதுமை எய்திவிட்டனர்.

தோட்ட வீடு தொழிலோடு இணைந்தது. தொழில் முடிந்தால் வீட்டைவிட்டு நீங்க வேண்டியதே பொது வழக்கம். தொழிலாளர் தாமே நிலத்துக்கு உரியவராக வேண்டும் என்னும் கருத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணியும் இத்தகைய நிலையற்ற வாழ்வே. கேமரன் மலையில் பலர் தோட்டத்தை விட்டுக் காய்கறிப் பயிர்த்தொழிலுக்கும், சுற்றுலாத் தொழிலுக்கும், பட்டணங்களுக்கும் சென்றனர். இன்று தேயிலைச் சரிவுகளில் பெரிதும் உழைப்போர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். கையால் கொழுந்து கிள்ளிய நிலை மாறி, கத்தரிக்கோலும் இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. விரல்கள் கொழுந்து கிள்ளும் ஓசையும் நிரைகளுக்கிடையே எழும் பேச்சும் பாட்டும் இருந்த இடத்தில் இயந்திரத்தின் இரைச்சல் நிற்கின்றது.

இந்நிலையில் பிரிஞ்சாங் வட்டாரத் தமிழ் மாணவர் ஒருவர்க்குத் தேயிலைத் தோட்டம் என்பது யாது? அது அவர் பாட்டி உழைத்த இடம். அவர் உழைக்க விரும்பாத இடம். அவ்விருப்பமின்மையில் பிழையில்லை. பிள்ளைகள் கொழுந்துக் கூடையைச் சுமக்கக் கூடாது என்பதற்காகவே பெற்றோர் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினர். தொழிலை விட்டுவிடலாம், தொழிலோடு சேர்த்து இடத்தைப் பற்றிய அறிவும் போய்விடுதல் வேறு. எந்தப் பள்ளத்தில் பனி இறங்கும், எந்த மேட்டில் நின்று கூவினால் லயத்திற்குக் கேட்கும், எந்த மரத்தடியில் முனியாண்டிக்குக் கல் நட்டனர் என்பன நிறுவனத்தின் வரைபடத்தில் இரா. அவற்றை அறிந்தோர் மறைந்தால் அவையும் மறையும். பின்னர் அம்மலைக்கு அப்பிள்ளைகளும் படம் எடுக்கும் பயணிகளாகவே வருவர்.

தமிழாசிரியர் கையில் இவ்வரங்கு

இவ்விடைவெளியில் ஒலிவழி அரங்கு செய்யக்கூடிய பணி உண்டு. இதற்கெனப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கீழ்க்காணும் படிமுறை, சுங்கை பாலாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்க்கும், இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களுக்கும் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

முதற்படி, கேட்டல். மாணவர்கள் ஒரு குறுகிய தொலைவை, பேசாமல், கால் மணி நேரம் நடக்க வேண்டும். கேட்ட ஒலிகளை எழுதிப் பட்டியலிட்டு, அவற்றுள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கக் கூடியவை எவை எனப் பிரிக்க வேண்டும். மலைபடுகடாத்தின் ஓசைப் பட்டியலை அதற்குப் பின்னர் வகுப்பில் அறிமுகம் செய்தால், சங்கப் பாட்டு அவர்களுக்குத் தேர்வுப் பாடமாக மட்டும் தோன்றாது.

இரண்டாம் படி, பெரியோரிடம் வினவுதல். 'தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?' என்னும் பொது வினாவுக்குப் பொது விடையே கிடைக்கும். 'பெரட்டுக்குக் கிளம்பும்போது முதலில் கேட்ட சத்தம் என்ன, பாட்டி?', 'பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு எந்தப் பாதையில் ஏறினீர்கள்?' என இடத்தையும் ஒலியையும் பற்றி வினவினால் நினைவு இடத்தோடு சேர்ந்து வெளிப்படும். இயன்றவரை அவ்விடத்திற்கே பெரியோரை அழைத்துச் சென்று பதிவு செய்தல் நன்று. மூச்சிரைப்பும் காற்றோசையும் பதிவில் வருமாயின் அவற்றை நீக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி, வழியமைத்தல். அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய, ஐந்து அல்லது ஆறு நிற்குமிடங்கள் கொண்ட பாதையை மாணவர்களே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கோயில், பழைய லயம் இருந்த மேடு, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் என அது அமையலாம். பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி ஆலயத்தை ஒரு தொடக்க இடமாகக் கொள்ளலாம்.

நான்காம் படி, உரை எழுதுதல். ஆற்றுப்படையைப் போன்று முன்னிலையில், நிகழ்காலத்தில், சிறு தொடர்களால் எழுத வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நடப்பவர் செய்ய ஒரு செயல் இருத்தல் வேண்டும். குனிந்து மண்ணைத் தொடுதல், கண்ணை மூடி நிற்றல், ஒரு பெயரை உரக்கக் கூப்பிடுதல் போன்றவை போதும். பெரியோரின் வட்டார வழக்கை எழுத்துத் தமிழாக்காமல் அவர் குரலிலேயே விட வேண்டும். மாணவர் தம் பகுதியைத் தாம் பேசும் தமிழிலோ, விரும்பினால் செந்தமிழிலோ எழுதலாம். இளையோர் தம் உண்மைக் கருத்தைக் கூற இடந்தருதல் இன்றியமையாதது. 'நான் இங்கிருந்து போகத்தான் விரும்புகிறேன்' என ஒரு மாணவி எழுதினால், அதுவும் நிலத்தோடு உள்ள உறவைப் பற்றிய கூற்றே.

ஐந்தாம் படி, நிகழ்த்துதல். மலைப்பகுதியில் இணையத் தொடர்பு சீராக இராது. ஆதலின் பதிவுகளைக் கைப்பேசியில் முன்னரே சேமித்து, அனைவரும் ஒரே நேரத்தில் தொடங்குவது எளிது. முதற்குழுவில் பெற்றோரும், அடுத்த குழுவில் பிற பள்ளி மாணவரும் நடக்கலாம். நடை முடிந்தபின் தேநீரோடு அமர்ந்து, தாம் கேட்டவற்றுக்கு நடந்தோர் தம் நினைவுகளைச் சேர்க்க வேண்டும். அவையும் பதிவாகி அடுத்த நடையில் இடம்பெறும். 2011ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக்கான தரப்படுத்தப்பட்ட கலைத்திட்டம், கேட்டலையும் பேச்சையும் தனித்திறனாக வகுத்துள்ளது. அத்திறனை வளர்க்க இதனினும் பொருந்திய களம் அரிது.

கருத வேண்டிய சில

இவ்வரங்கிற்குக் குறைகளும் உள. முதலாவது, ஹெட்ஃபோன் மனிதரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிக்கும். காமன் கூத்தில் ஊர் சேர்ந்து கேட்டது. இங்கு ஒவ்வொருவரும் தனித்துக் கேட்கின்றனர். எனவே சில நிற்குமிடங்களிலேனும் பதிவை நிறுத்தி, ஒரு மாணவரோ பெரியவரோ நேரில் பேசுவதும், இறுதியில் தப்பு முழங்க ஒன்றுகூடுவதும் நல்ல திருத்தங்களாகும்.

இரண்டாவது, பழமையை இனிமையாக மட்டும் காட்டும் சாய்வு. பனியும் பசுமையும் பாட்டும் கேட்போரை மயக்கும். அட்டைக்கடியும் கூலிக்குறைவும் நோயும் அதே மலையில் இருந்தவை. ஏவலின் ஓசையும் நடையில் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, இந்நிலம் நமது நினைவுக்கு மட்டும் உரியதன்று. தேயிலை வருமுன்பே இம்மலைக் காடுகளை அறிந்தோர் செமாய் பூர்வகுடி மக்கள். இன்று கொழுந்து வெட்டுவோர் வேறு நாடுகளிலிருந்து வந்த இளையோர். நம் முன்னோர் ஒரு காலத்தில் இருந்த நிலையில் அவர்கள் இருக்கின்றனர். அவர்தம் குரல்களுக்கும், அவர்கள் இசைந்தால், இடம் அளிக்க வேண்டும். நிலத்தின் இன்றைய இடர்களையும் மறைத்தல் ஆகாது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. காடழிப்பால் மண் சரிந்து ஆறுகளிலும் அணையிலும் படிவது குறித்து அதன்பின் பெரிதும் பேசப்பட்டது. நிலத்தைக் கேட்கும் இளையோர் இதனையும் கேட்க வேண்டும்.

நான்காவது, நடைமுறை ஒழுங்கு. தோட்டம் தனியார் நிலமாதலின் முன்னிசைவு பெற வேண்டும். பிரிஞ்சாங் சாலை ஒடுங்கியது. ஊர்தி நடமாட்டமுள்ள இடத்தில் காதை அடைத்து நடத்தல் கேடு விளைவிக்கும். குரல் தந்தோரின் ஒப்புதலைப் பெற்று, பதிவின் படியொன்றை அவர் குடும்பத்திற்கே அளிக்க வேண்டும். பலருக்கு அது அவர்தம் பாட்டியின் குரலாக எஞ்சும் ஒரே பதிவாக அமையக்கூடும்.

முடிவுரை

நிலத்தோடு உள்ள உறவு, பட்டாவினால் மட்டும் அமைவதன்று. நடந்தும், பெயரிட்டும், அங்கே நிகழ்ந்ததைச் சொல்லியும் அவ்வுறவு உருவாகின்றது. எனினும், பட்டா இல்லாமையால் நேர்ந்த இழப்பைக் கலை ஈடுசெய்துவிடும் எனக் கூறுதல் மிகையாகும். தலைமன்னாரிலிருந்து நடந்தோர் நினைவையும் உரிமையையும் ஒருசேரக் கேட்டனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஒலிவழி அரங்கு செய்யக்கூடியது ஒன்று. இம்மலை யாருடைய உழைப்பால் இவ்வடிவம் பெற்றது என்பதை, அம்மலையிலேயே நின்று, அவர்தம் குரலிலேயே கேட்கும் வாய்ப்பை அது தருகின்றது. அதனைக் கேட்ட மாணவர் அம்மலையில் தங்கலாம், நீங்கலாம். நீங்கினும், தாம் எதனை விட்டு நீங்குகின்றோம் என்பதை அறிந்து நீங்குவர்.

மலைபடுகடாத்தின் கூத்தன், தான் சென்ற வழியைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் எதிர்ப்பட்டோர்க்குச் சொன்னான். பின்வருவோர்க்காகக் கவர்வழியில் புல்லை முடியுமாறும் அறிவுறுத்தினான். பிரிஞ்சாங் சரிவுகளில் அம்முடிச்சை இடத்தக்க முதியோர் இன்னும் சிலர் உளர். ஒலிவாங்கி ஒன்றும், கேட்கத் தெரிந்த மாணவர் சிலரும், அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவரும் இருப்பின் இப்பணியைத் தொடங்கிவிடலாம். வரும் பள்ளி விடுமுறைக்குள்ளேனும் அதனைத் தொடங்குதல் நன்று.